இலவசம் வேறு, கட்டற்றது வேறு



சென்ற ஆண்டு இறுதித் தேர்வுக்கு முந்திய வாரம். படிவம் 4 மாணவன் ஒருவன் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு அறிவியல் கூடத்துக்கு வந்தான். முகம் வெளிறியிருந்தது. "எல்லாம் போச்சு டீச்சர்" என்றான். திரையைப் பார்த்தேன். மூன்று மாதமாக அவன் செய்த செயல்திட்டம், தங்கையின் பிறந்தநாள் படங்கள், அப்பா வைத்திருந்த கடைக் கணக்கு என எந்தக் கோப்பும் திறக்கவில்லை. பணம் கட்டினால்தான் திறக்கும் என்று ஓர் அறிவிப்பு மட்டும் இருந்தது.

விசாரித்ததில் நடந்தது தெரிந்தது. படங்களைத் திருத்தும் விலையுயர்ந்த மென்பொருள் ஒன்றை எங்கோ ஓர் இணையத்தளத்திலிருந்து இறக்கியிருக்கிறான். "நிறுவும்போது நச்சுநிரல் தடுப்பானை அணைத்துவிடவும்" என்று அந்தத் தளம் சொல்லியிருக்கிறது. அவனும் அணைத்துவிட்டான்.

"இலவசம்னு போட்டிருந்துச்சே டீச்சர்" என்றான், குரல் உடைந்து.

அந்த ஒரு சொல்லை அவன் நம்பினான். ஒரு மென்பொருளுக்கு விலை இல்லை என்பது ஒரு செய்தி. அதை வைத்து நாம் என்னென்ன செய்யலாம் என்பது வேறொரு செய்தி. அந்த இரண்டாவது செய்தியைச் சொல்வதுதான் உரிமம். இந்த வாரம் மென்பொருளின் வகைகளையும், அவற்றின் உரிமங்களையும், நம் தமிழ் எழுத்துக்கும் அந்த உரிமங்களுக்கும் உள்ள உறவையும் படிப்போம்.

மென்பொருள் என்பது என்ன?

கணினியில் கையால் தொடக்கூடிய பகுதிகள் எல்லாம் வன்பொருள். விசைப்பலகை, திரை, நினைவகம் ஆகியவை இதில் அடங்கும். அந்த வன்பொருளுக்கு "இதைச் செய், அடுத்து அதைச் செய்" என்று சொல்லும் கட்டளைகளின் தொகுப்பே மென்பொருள். செய்யும் வேலையைப் பொறுத்து இதை மூன்று பெரும் பிரிவுகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, அமைப்பு மென்பொருள். கணினியே இயங்குவதற்குத் தேவையானது இது. விண்டோஸ், மேக்ஓஎஸ், லினக்ஸ், ஆண்டிராய்டு, ஐஓஎஸ் போன்ற இயங்குதளங்கள் இந்த வகை. அச்சுப்பொறி, ஒலிபெருக்கி போன்ற சாதனங்களை இயங்குதளத்தோடு பேசவைக்கும் இயக்கிகளும் இதைச் சேர்ந்தவை.

இரண்டாவது, பயன்பாட்டு மென்பொருள். கட்டுரை எழுத, கணக்குப் போட, படம் பார்க்க, நண்பருக்குச் செய்தி அனுப்ப நாம் நேரடியாகப் பயன்படுத்துவது. கைப்பேசியில் இதைத்தான் செயலி என்கிறோம்.

மூன்றாவது, மென்பொருளை உருவாக்க உதவும் மென்பொருள். நிரல் எழுதும் கருவிகளும் நிரல்மொழிகளும் இதில் அடங்கும். பள்ளியில் பலர் தொட்டுப் பார்த்திருக்கும் ஸ்கிராட்ச், பைத்தான் ஆகியவை இந்த வகை.

இது செய்யும் வேலையை வைத்துப் பிரித்தது. உரிமத்தை வைத்துப் பிரிப்பதற்கு முன் ஒரு சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். அதுதான் மூலநிரல்.

மூலநிரல்: அரைத்த பொடியும் அளவுக் குறிப்பும்

கடையில் ஒரு பொட்டலம் மசாலாப் பொடி வாங்குகிறீர்கள். குழம்பு வைக்கலாம், சுவைக்கலாம். ஆனால் அதில் கொத்தமல்லி எத்தனை பங்கு, மிளகு எத்தனை பங்கு, எதை வறுத்தார்கள், எதைப் பச்சையாகப் போட்டார்கள் என்று அந்தப் பொடியைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அரிது. உங்கள் பாட்டியின் நோட்டில் அளவுக் குறிப்பு இருந்தால் கதையே வேறு. காரத்தைக் குறைக்கலாம், சோம்பைக் கூட்டலாம், அத்தைக்கும் ஒரு படி எழுதிக் கொடுக்கலாம்.

மனிதர்கள் படிக்கக்கூடிய மொழியில் நிரலாளர் எழுதுவது மூலநிரல். அதுதான் அளவுக் குறிப்பு. கணினிக்குப் புரியும்படி அதை 0, 1 எனும் இயந்திர மொழிக்கு மாற்றிவிட்டால் கிடைப்பது அரைத்த பொடி. பல நிறுவனங்கள் பொடியை மட்டும் கொடுக்கின்றன. சிலர் குறிப்பையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். உரிமங்களுக்கு இடையே உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது.

உரிமம் எங்கிருந்து வருகிறது?

நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1987, கணினி நிரலை இலக்கியப் படைப்புகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆச்சரியமாக இருக்கிறதா? ஒரு நாவலை எழுதியவருக்கு உள்ள பாதுகாப்பு, ஒரு நிரலை எழுதியவருக்கும் உண்டு. அதை நகலெடுக்கவும், மாற்றவும், பிறருக்கு வழங்கவும் உள்ள உரிமை, படைத்தவரிடம் அல்லது அவர் அதை ஒப்படைத்த நிறுவனத்திடம் இருக்கிறது.

அப்படியானால் நாம் காசு கொடுத்து வாங்குவது எது? பெரும்பாலும் மென்பொருளை அல்ல, அதைப் பயன்படுத்தும் அனுமதியை. "ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு பொத்தானைப் படிக்காமலேயே அழுத்துகிறோமே, அதற்கு மேலே நீளமாக இருப்பதுதான் அந்த அனுமதிப் பத்திரம். எத்தனை கணினிகளில் நிறுவலாம், எத்தனை நாளுக்குப் பயன்படுத்தலாம், வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா, நண்பருக்குக் கொடுக்கலாமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

உரிமத்தின் ஐந்து வகைகள்

1. தனியுடைமை மென்பொருள். மூலநிரல் மூடியிருக்கும். கட்டணம் செலுத்தி, குறிப்பிட்ட நிபந்தனைகளோடு பயன்படுத்துகிறோம். விண்டோஸ், போட்டோஷாப் போன்றவை இந்த வகை. ஒருவருக்கான உரிமம், ஒரு நிறுவனம் முழுமைக்குமான உரிமம், மாதச் சந்தா என்று பல வடிவங்கள் உண்டு. கல்வி அமைச்சின் டெலிமா கணக்கு வழியாக நீங்கள் பயன்படுத்தும் கூகுள், மைக்ரோசாப்ட் சேவைகளை நினைத்துப் பாருங்கள். நீங்கள் பணம் கட்டவில்லை. ஆனால் அந்த அனுமதி பள்ளியோடு பிணைந்த கணக்குக்கு உரியது. பள்ளியை விட்டுப் போகும்போது அது கூடவே வரும் என்று எண்ணாதீர்கள். முக்கியமான கோப்புகளை முன்கூட்டியே நகலெடுத்து வையுங்கள்.

2. சோதனை மென்பொருள். 30 நாள் பயன்படுத்திப் பார், பிடித்தால் வாங்கு என்று கொடுப்பது. காலம் முடிந்தால் நின்றுவிடும், அல்லது சில வசதிகள் மூடிக்கொள்ளும்.

3. இலவச மென்பொருள். விலை இல்லை. ஆனால் மூலநிரல் கிடைக்காது. மாற்றவோ, உங்கள் பெயரில் மறுவெளியீடு செய்யவோ அனுமதி இல்லை. கைப்பேசியில் உள்ள பெரும்பாலான செயலிகள் இப்படித்தான். சிலவற்றில் விளம்பரம் பார்க்கிறோம், சிலவற்றுக்கு நம் விவரங்களைக் கொடுக்கிறோம். பணப்பையிலிருந்து எதுவும் போகவில்லை என்பதால் எதுவுமே போகவில்லை என்று சொல்லிவிட முடியாது.

4. கட்டற்ற மென்பொருள். திறந்த மூல மென்பொருள் என்றும் சொல்வார்கள். மூலநிரலோடு நான்கு சுதந்திரங்களும் கிடைக்கும்: எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், எப்படி இயங்குகிறது என்று படித்து மாற்றலாம், படிகளைப் பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றிய வடிவத்தையும் வெளியிடலாம். லிபர்ஆஃபிஸ், பயர்பாக்ஸ், விஎல்சி, ஜிம்ப் ஆகியவை இந்த வகை. இவற்றைக் காசுக்கு விற்பதற்கும் தடையில்லை. ஆகவே "கட்டற்றது" என்றால் "விலையில்லாதது" என்று பொருளல்ல.

5. பொதுவுடைமையாக விடப்பட்டது. படைத்தவர் தம் பதிப்புரிமையையே விட்டுக்கொடுத்து, யாரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்று விடுவது. எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் ஆண்டிராய்டு, ஐபோன் இரண்டிலுமே அது உள்ளே இருந்து வேலை செய்கிறது.

மூன்றாவது வகையையும் நான்காவது வகையையும் குழப்பிக்கொள்பவர்கள் உலகமெங்கும் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் "ஃப்ரீ" என்ற ஒரே சொல்தான் என்பது ஒரு காரணம். தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. நம்மிடம் இலவசம் என்ற சொல்லும் இருக்கிறது, கட்டற்றது என்ற சொல்லும் இருக்கிறது.

ஓர் அச்சுப்பொறி தொடங்கிவைத்த கதை

கட்டற்ற மென்பொருள் என்ற எண்ணம் எப்படிப் பிறந்தது? அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளரை ஓர் அச்சுப்பொறி சீண்டியது. பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் பயனர்களுக்குச் செய்தி போகும்படி அவர் அதன் நிரலை மாற்றி வைத்திருந்தார். பிறகு புதிய அச்சுப்பொறி வந்தது. அதிலும் தாள் சிக்கியது. ஆனால் அதன் மூலநிரல் கிடைக்கவில்லை. சரிசெய்யத் தெரிந்தவர் அருகிலேயே இருந்தும் சரிசெய்ய வழியில்லை.

1983ஆம் ஆண்டு அவர் குனூ என்ற திட்டத்தை அறிவித்தார். முழுக்க முழுக்கக் கட்டற்ற ஓர் இயங்குதளத்தை உருவாக்குவது நோக்கம். 1989இல் குனூ பொது உரிமம் வெளிவந்தது. சுருக்கமாக ஜிபிஎல் என்பார்கள். இந்த உரிமத்தில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. "என் நிரலை எடுத்து மாற்றி வெளியிடு. ஆனால் நீ வெளியிடுவதையும் இதே சுதந்திரத்தோடு கொடு" என்கிறது அது. பதிப்புரிமைச் சட்டத்தைக் கொண்டே பகிர்வதைக் கட்டாயமாக்கும் இந்த முறையைத் தமிழில் அளிப்புரிமை என்கிறார்கள். எம்ஐடி உரிமம், அப்பாச்சி உரிமம் போன்றவை அவ்வளவு கண்டிப்பானவை அல்ல. எழுதியவரின் பெயரையும் உரிமக் குறிப்பையும் காப்பாற்றினால், அந்த நிரலை மூடிய மென்பொருளுக்குள் வைக்கவும் அவை அனுமதிக்கின்றன.

1991ஆம் ஆண்டு பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை வெளியிட்டார். முதலில் அதன் உரிமம் காசு வாங்கி வழங்குவதைத் தடுத்தது. 1992இல் அவர் அதை ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றினார். அதன்பின் நிறுவனங்களும் தனியாட்களும் தயங்காமல் அதில் கைவைத்தார்கள். 2017 நவம்பரிலிருந்து உலகின் தலைசிறந்த 500 மீக்கணினிகள் அனைத்தும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. உங்கள் ஆண்டிராய்டு கைப்பேசியின் அடித்தளமும் அதே லினக்ஸ்தான்.

எதிர்ப்பக்க நியாயத்தையும் கேட்க வேண்டும். 1976ஆம் ஆண்டு, இளைஞராக இருந்த பில் கேட்ஸ், கணினி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். நல்ல மென்பொருளை எழுதப் பல மாத உழைப்பு வேண்டும். எல்லாரும் திருட்டுப் படி எடுத்தால் எழுதுபவர் எப்படிப் பிழைப்பார் என்பது அவர் வாதம். அதிலும் உண்மை இருக்கிறது. அந்த உண்மைக்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல சான்று உண்டு.

தமிழ் கணினிக்குள் வந்த கதை

மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் 1980களின் நடுப்பகுதியிலேயே கணினியில் தமிழை எழுதும் முயற்சியைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் முரசு அஞ்சல். கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப அவர் உருவாக்கிய செல்லினம் 2005ஆம் ஆண்டு பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் அறிமுகமானது. உங்கள் வீட்டில் ஐபோனோ ஆப்பிள் கணினியோ இருந்தால் அதன் எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள். "தமிழ் சங்கம் எம்என்" என்று ஒரு பெயர் இருக்கும். அந்த எம்என் என்பது முத்து நெடுமாறன் பெயரின் முதலெழுத்துகள். உலகமெங்கும் ஐபோனில் தமிழ் படிப்பவர்கள், ஒரு மலேசியர் வரைந்த எழுத்தைத்தான் படிக்கிறார்கள்.

இவை உரிமத்தோடு வழங்கப்பட்ட மூடிய படைப்புகள். செல்லினம் செயலியை இறக்கிக்கொள்ளக் காசு வேண்டாம். ஆனால் அது மூன்றாவது வகை, இலவச மென்பொருள். படைப்பவருக்கு உரிமை இருந்ததால்தான் ஒரு நிறுவனம் அவரிடம் உரிமம் பெற்று அவருடைய எழுத்தைப் பயன்படுத்தியது. அந்த வருமானம் அடுத்த படைப்புக்கு வழிவிட்டது. ஆகவே மூடிய மென்பொருள் எல்லாம் கெட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

மற்றொரு வழியில் வந்தவர்களும் இருக்கிறார்கள். எ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உங்கள் ஆசிரியர்கள் பயன்படுத்தியிருப்பார்கள். தமிழா என்ற தன்னார்வலர் குழு வெளியிட்டது. அதன் தொடக்கப் பதிப்புகள், கீமேன் என்ற மூடிய மென்பொருளின்மேல் இயங்கின. பின்னர் எ-கலப்பை தன் சொந்த நிரலோடு, மூலநிரலையும் வெளியிட்டுக் கட்டற்ற மென்பொருளாக மாறியது. அந்தக் கீமேனும் 2015ஆம் ஆண்டு எஸ்ஐஎல் என்ற அமைப்பின் கைக்குப் போய், அதன் பிறகு திறந்த மூலமானது. ஒரு மென்பொருளின் உரிமம் கல்லில் வெட்டியதில்லை. உரிமையாளர் நினைத்தால் மாறும். ஆனால் நினைக்க வேண்டியவர் உரிமையாளர்தான், நாம் அல்ல.

லிபர்ஆஃபிஸ், பயர்பாக்ஸ் ஆகியவற்றின் பட்டியல்களையும் பொத்தான்களையும் தமிழில் பார்க்கலாம். தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்திருக்கிறார்கள். "தமிழுக்குச் சந்தை இருக்கிறதா?" என்று எந்த நிறுவனத்தின் கதவையும் அவர்கள் தட்ட வேண்டியிருக்கவில்லை. உரிமம் முன்பே அனுமதித்திருந்தது. பேசுவோர் தொகை குறைந்த மொழிகளுக்கு இந்த அனுமதியின் அருமை நன்றாகத் தெரியும்.

"கொ" என்ற ஓர் எழுத்து

இப்போது ஓர் எளிய சோதனை. ஆண்டிராய்டு கைப்பேசியில் "கொ" என்று தட்டுங்கள். நொடிக்கும் குறைவான நேரத்தில் எழுத்து வந்துவிடும். உள்ளே என்ன நடக்கிறது?

விசைப்பலகைச் செயலி நீங்கள் தட்டியதை இரண்டு எண்களாக மாற்றுகிறது. யுனிகோட் என்ற அனைத்துலகத் தரத்தில் "க" என்ற எழுத்துக்கு 2965, ஒகரக் குறிக்கு 3018. இந்த இரண்டு எண்கள்தான் கோப்பில் சேமிக்கப்படுகின்றன. அடுத்து எழுத்தை அடுக்கும் மென்பொருள் வருகிறது. ஒகரக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பைக் ககரத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும் என்ற தமிழ் இலக்கணம் அதற்குத் தெரியும். கடைசியாக, எழுத்துரு அந்த வடிவங்களைத் திரையில் வரைகிறது. இவை எல்லாவற்றையும் தாங்கி நிற்பது இயங்குதளம்.

இவற்றின் உரிமங்களைப் பாருங்கள். விசைப்பலகை ஜிபோர்ட் என்றால், அது மூடிய இலவச மென்பொருள். எழுத்தை அடுக்கும் ஹார்ஃப்பஸ், எம்ஐடி வகை உரிமம் கொண்ட திறந்த மூலம். பல கைப்பேசிகளில் உள்ள நோட்டோ தமிழ் எழுத்துரு, திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியானது. ஆண்டிராய்டின் திறந்த பகுதிகளில் பெரும்பாலானவை அப்பாச்சி உரிமத்தில் இருக்கின்றன. அடியில் இருக்கும் லினக்ஸ் கரு, ஜிபிஎல். ஒரே ஓர் எழுத்துக்குப் பின்னால் ஐந்து உரிமங்கள். உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள் முன்பின் அறியாமல் சேர்ந்து வேலை செய்ய முடிந்ததற்கு அந்த உரிமங்களே காரணம்.

யுனிகோட் பரவுவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதையும் சொல்கிறேன். நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் பழைய ஆண்டு மலரின் குறுந்தட்டு ஒன்று அலமாரியில் கிடந்தது. அதில் முன்னாள் மாணவர்களின் கவிதைகள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் வாழ்த்துரை எல்லாம் இருந்தன. கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டின. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் பல, ஆளுக்கொரு குறியீட்டு முறையை வைத்திருந்தன. இந்த மலரைத் தட்டச்சு செய்த எழுத்துரு கட்டணம் செலுத்தி வாங்கியது. அதை விற்றவர்களை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. நிறுவல் குறுந்தட்டும் தொலைந்துவிட்டது. கவிதைகள் எங்களுடையவை, ஆனால் அவற்றைத் திறக்கும் சாவி எங்களிடம் இல்லை.

எங்களுக்குக் கைகொடுத்தவை, தன்னார்வலர்கள் எழுதி வெளியிட்டிருந்த எழுத்துரு மாற்றிகள். ஒவ்வொன்றாக முயன்று பார்த்ததில் ஒன்று பொருந்தியது. திரையில் முதல் கவிதை தமிழாக மாறி வந்தபோது, ஆசிரியர் அறையில் யாரும் பேசவில்லை. சில பக்கங்கள் கடைசிவரை வரவே இல்லை.

உரிமம் என்பது வாங்கும் நாளுக்கான ஏற்பாடு மட்டும் இல்லை என்று அன்று எனக்குப் புரிந்தது. இருபது ஆண்டு கழித்து, விற்றவர் இல்லாதபோது, பழுதானதைச் சரிசெய்ய யாருக்கு அனுமதி இருக்கும், யாருக்கு வழி இருக்கும் என்பதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

திருட்டுப் படி: விலை எங்கே ஒளிந்திருக்கிறது?

நான் மாணவியாக இருந்த காலத்தில் பாசார் மாலாமில் காய்கறிக் கடைக்கும் ஆப்பம் பாலேக் கடைக்கும் நடுவே குறுந்தட்டுக் கடை இருக்கும். ஆயிரக்கணக்கான ரிங்கிட் மதிப்புள்ள மென்பொருள் ஐந்து, பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். இன்று மாசாயிலோ பாசிர் கூடாங்கிலோ அப்படி ஒரு கடையைத் தேட வேண்டியதில்லை. கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது.

பூட்டு உடைக்கப்பட்ட மென்பொருளில் நடப்பது இதுதான். உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதியை யாரோ ஒருவர் மாற்றியிருக்கிறார். அதே கை, வேறு எதை உள்ளே வைத்தது என்று நமக்குத் தெரியாது. நச்சுநிரல் தடுப்பானை அணைக்கச் சொல்வது, வீட்டுக்குள் வரும் அந்நியர் "முதலில் நாயைக் கட்டிப்போடு" என்று சொல்வதைப் போன்றது. மேலும், பிடிபடாமல் இருக்க இத்தகைய படிகளில் புதுப்பிப்பைப் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வான்னாக்ரை நச்சுநிரலுக்கு எதிரான திருத்தத்தை, மைக்ரோசாப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. புதுப்பிக்காத கணினிகள்தான் அதில் மாட்டிக்கொண்டன.

சட்டமும் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 1987இன்படி, விற்பதற்காகத் திருட்டுப் படி எடுப்பவருக்கும் அதை விற்பவருக்கும் ஒவ்வொரு படிக்கும் 2,000 ரிங்கிட்டிலிருந்து 20,000 ரிங்கிட்வரை அபராதம், அல்லது 5 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். "நண்பர்களுக்கு ஆளுக்கு ஐந்து ரிங்கிட்டுக்குப் போட்டுக் கொடுத்தேன்" என்பது விளையாட்டான வேலை இல்லை.

வாங்க வசதியில்லை என்றால் என்ன செய்வது? என் மாணவனிடம் நான் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். படம் திருத்த ஜிம்ப், ஓவியம் வரைய கிரீட்டா, சின்னம் வடிவமைக்க இங்க்ஸ்கேப், கட்டுரை எழுத லிபர்ஆஃபிஸ். எல்லாம் கட்டற்றவை. அவற்றின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கினால் காசும் வேண்டாம், பயமும் வேண்டாம். முதல் வாரம் பழக்கமில்லாமல் தடுமாறுவீர்கள். பிறகு கை பழகிவிடும்.

அவன் கணினியை முழுதும் துடைத்து, மறுபடி நிறுவினோம். பூட்டிய கோப்புகள் திரும்பவில்லை. செயல்திட்டத்தை முதலிலிருந்து செய்தான், இம்முறை ஜிம்ப் கொண்டு. தங்கையின் பிறந்தநாள் படங்களில் சில அத்தையின் கைப்பேசியில் இருந்தன. மற்றவை போனவை போனவைதான்.

செய்து பாருங்கள்

உங்கள் கைப்பேசியின் அமைப்புகள் பகுதிக்குச் செல்லுங்கள். ஆண்டிராய்டு என்றால் "கைப்பேசியைப் பற்றி" என்பதற்குள் சட்டத் தகவல் இருக்கும். ஐபோன் என்றால் "பொது" என்பதற்குள் சட்ட அறிவிப்புகள் இருக்கும். திறந்த மூல உரிமங்கள் விரலால் தள்ளித் தள்ளி ஓயாத அளவுக்கு நீளமாக வரும். எம்ஐடி, அப்பாச்சி, ஜிபிஎல் ஆகிய பெயர்களில் எவற்றைக் காண்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூடிய நிறுவனம் விற்கும் கைப்பேசிக்குள்ளும் எத்தனை திறந்த நிரல்கள் இருக்கின்றன என்று தெரியும்.

அடுத்து, நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் ஐந்து மென்பொருள்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள் கேளுங்கள். விலை உண்டா? மூலநிரல் கிடைக்குமா? நண்பருக்குப் படி கொடுக்கலாமா? வெளியிட்டவர் நாளையே கடையை மூடினால் என் கோப்புகள் திறக்குமா?

உங்களைச் சோதித்துக்கொள்ளுங்கள்

1. ஒரு மாணவி, ஒரு கணினிக்கு மட்டும் உரிமம் உள்ள மென்பொருளை வாங்கி, மூன்று தோழிகளின் கணினிகளிலும் நிறுவிக் கொடுக்கிறாள். சரியா?

2. கணினிக் கழகம் லிபர்ஆஃபிஸைப் பென்டிரைவில் போட்டு, பென்டிரைவின் விலைக்கு மேல் இரண்டு ரிங்கிட் சேர்த்து விற்கிறது. சரியா?

3. "தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்" என்ற குறிப்போடு இலவசமாகக் கிடைத்த தமிழ் எழுத்துருவை வைத்து, உணவு விழாவில் விற்கும் சட்டைகளில் வாசகம் அச்சடிக்கிறார்கள். சரியா?

விடைகள்: முதலாவது தவறு, அனுமதி ஒரு கணினிக்குத்தான். இரண்டாவது சரி, கட்டற்ற மென்பொருளை உரிம நிபந்தனைகளைப் பின்பற்றி விற்கலாம். மூன்றாவது தவறு, இலவசமாகக் கிடைத்தாலும் விற்பனைக்கு அனுமதி இல்லை. திறந்த எழுத்துரு உரிமம் உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுத்திருந்தால் சிக்கலே இல்லை.

மூன்றுக்கும் சரியாக விடை சொன்னவர்கள், இன்று மாலை வீட்டில் இருப்பவர்களுக்கு இலவசத்துக்கும் கட்டற்றதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குங்கள். அடுத்த முறை "இலவசம்" என்ற சொல் திரையில் மின்னும்போது, யாராவது ஒருவர் அழுத்துவதற்கு முன் நின்று யோசிப்பார்.